மீண்டு எழுந்த அரண்மனை

பழமைக்கு நாம் கொடுக்கும் மதிப்பே தனி. ஒரு கோபுரத்தைக் காட்டி, "இது ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது" என்று யாராவது சொன்னால் உடனே கைகள் குவிகின்றன. "பழைய கோபுரம் இடிந்து போயிற்று, இது நாற்பது வருஷத்துக்கு முன் கட்டியது" என்று சொல்லிவிட்டாலோ, குவிந்த கைகள் சற்றே தளர்ந்து விடுகின்றன. போலந்து தேசத்தின் தலைநகரமாகிய வார்ஸாவில் ராஜ அரண்மனையைப் பார்க்கச் செல்கிறவர்களுக்கு இந்தத் தர்மசங்கடம் வாசற்படியிலேயே உண்டாகிறது. பார்வைக்கு அது நானூறு வருஷத்து அரண்மனை. அதன் சுவர்களில் பெரும்பாலானவையோ 1971-ம் வருஷத்துக்குப் பிறகு எழுப்பப்பட்டவை. அப்படியானால் நாம் பார்ப்பது அரண்மனையா, அரண்மனையின் பொம்மையா?

இந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டே இந்த வாரம் அந்த அரண்மனையைச் சுற்றி வருவோம். வாசகர்களும் நம்முடன் வரலாம். நுழைவுச் சீட்டுக்குக் காசு கேட்க மாட்டோம்.

தூணின்மேல் ஒரு ராஜா

விஸ்துலா நதியின் இடது கரை மேடாக உயர்ந்திருக்கிறது. அந்த மேட்டின்மேல், செங்காவி நிறச் சுவர்களுடன், ஐந்து கோணங்களாக வளைந்து நிற்கிறது அரண்மனை. நடுமுகப்பில் 60 மீட்டர், அதாவது ஏறக்குறைய 200 அடி உயரமுள்ள மணிக்கூண்டு. எதிரே ஒரு மைதானம். மைதானத்தில் ஓர் உயரமான தூண். தூணின் உச்சியில், ஒரு கையில் சிலுவையும் மற்றொரு கையில் வாளும் ஏந்தி நிற்பவர் மூன்றாவது சிகிஸ்மண்டு மன்னர். 1644-ம் வருஷத்தில் அவருடைய குமாரர் தந்தையின் ஞாபகமாக நாட்டிய தூண் அது.

தூணை அண்ணாந்து பார்த்தபின், அரண்மனைச் சுவரின் ஓரமாகச் சற்றுக் குனிந்தும் பார்க்கவேண்டும். அங்கே இரண்டு பழைய தூண்கள் உடைந்து படுத்துக் கிடக்கின்றன. ஒன்று முதன்முதலில் நாட்டியது. பழுதுபட்டதால் 1887-ல் அதை மாற்றினார்கள். மாற்றி வைத்த கருங்கல் தூணை 1944-ல் ஜெர்மன் படையினர் சுட்டு வீழ்த்தினார்கள். ராஜாவின் சிலை கீழே விழுந்தும் பெரும்பாலும் தப்பியது. அதைச் செப்பனிட்டு, 1949-ல் புதிய தூணின்மேல் மறுபடியும் ஏற்றினார்கள். ஆகவே மேலே நிற்பது பழைய ராஜா. அவரைத் தாங்குவது புதிய தூண். பக்கத்தில் கிடப்பவை பழைய தூண்கள். அரண்மனையின் கதை முழுவதும் இந்த மைதானத்திலேயே சுருக்கமாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லலாம்.

இந்த இடம் முதலில் மஸோவியப் பிரபுக்களின் கோட்டையாக இருந்தது. 14-ம் நூற்றாண்டில் அவர்கள் கட்டிய செங்கல் கோபுரத்தின் அடிப்பாகம் இன்னும் அரண்மனைக்குள் அடங்கியிருக்கிறது. 1526-ல் மஸோவியா போலந்து முடியரசுடன் சேர்ந்தது. 1569-ல் போலந்தும் லிதுவேனியாவும் ஒரே ராஜ்யமாக இணைந்தபோது, இருநாட்டுப் பிரதிநிதிகளும் கூடுவதற்கு நடுவான ஊராக வார்ஸாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன்பின் சிகிஸ்மண்டு மன்னர் கிராகோ நகரத்திலிருந்து தம் கொலுவையே இங்கே மாற்றிக்கொண்டு வந்தார். 1598 முதல் 1619 வரையில் இத்தாலிய சிற்பிகளைக் கொண்டு கோட்டையைப் பெரிய அரண்மனையாக விஸ்தரித்தார்.

இந்த அரண்மனைக்கு உள்ள விசேஷம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மற்ற தேசங்களில் ராஜா ஓரிடத்திலும், ஜனப் பிரதிநிதிகள் வேறிடத்திலும் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் முறைத்துப் பார்ப்பது வழக்கம். இங்கேயோ ஒரே கூரையின்கீழ் ராஜாவும் இருந்தார். ராஜ சபையும் கூடிற்று. அந்த ராஜாவும் பிரபுக்குலத்தார் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ராஜா. ஆகையால் போலந்து ஜனங்களுக்கு இந்தக் கட்டடம் வெறும் ராஜாவின் வீடு அல்ல, தேசத்தின் சபாமண்டபம். பின்னால் வந்த பகைவர்கள் ஒவ்வொருவரும் இதன்மேல் ஏன் அத்தனை கோபம் கொண்டார்கள் என்பதற்கு இதுவே காரணம்.

வாசலில் படுத்தவர்

சுதந்திரம் உள்ள சபையிலும் நோய் உண்டாகலாம். போலந்துச் சபையில் ஒரே ஓர் அங்கத்தினர் எழுந்து, "நான் சம்மதிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டால் போதும்; கூட்டமே கலைந்துவிடும், அதுவரை செய்த தீர்மானங்களும் ரத்தாகிவிடும். ஒவ்வொருவருக்கும் இருந்த இந்த உரிமை கடைசியில் எல்லோருடைய உரிமைக்கும் உலை வைத்தது. தடை சொல்லுவதற்கு ஓர் அங்கத்தினரை விலைக்கு வாங்குவது அயல் நாட்டாருக்குக் கஷ்டமாக இல்லை. தேசம் பலவீனமாயிற்று. 1772-ல் ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்ற மூன்று அண்டை வல்லரசுகளும் போலந்தில் ஆளுக்கு ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டன.

கொள்ளை அடித்ததோடு அவர்களுக்குத் திருப்தி இல்லை. கொள்ளை கொடுத்தவர்களே கையெழுத்துப் போட்டு அதை நியாயமாக்க வேண்டும் என்றார்கள். 1773-ல் இந்த அரண்மனையில் அதற்காகச் சபை கூடிற்று. தத்தேயுஸ் ரெய்த்தான் என்ற பிரதிநிதி எவ்வளவோ வாதாடிப் பார்த்தார், பயனில்லை. சபையார் எழுந்து வெளியேறத் தொடங்கியபோது அவர் வாசற்படியின் குறுக்கே படுத்துக்கொண்டார். போவதானால் தம்மைத் தாண்டித்தான் போகவேண்டும் என்பது அதன் பொருள். தாண்டிக்கொண்டுதான் போனார்கள். பிரிவினையும் சட்டமாயிற்று.

யான் மதேய்கோ என்ற சித்திரக்காரர் 1866-ல் இந்தக் காட்சியைப் பெரிய படமாக எழுதினார். அந்தப் படத்தை விலை கொடுத்து வாங்கியவர் யார் தெரியுமா? பங்கு போட்ட மூன்று வல்லரசுகளில் ஒன்றாகிய ஆஸ்திரியாவின் சக்கரவர்த்திதான்! தம் முன்னோர் செய்த காரியத்தை எதிர்த்துக் கீழே விழுந்தவரின் படம் அவருடைய பொக்கிஷத்தில் பல காலம் இருந்தது. போலந்து சுதந்திரம் பெற்றபின் அது தாய்நாட்டுக்குத் திரும்பியது. இன்று அதே அரண்மனையில் அதைப் பார்க்கிறோம். படத்தின் முன் நிற்கிறவர்கள் சற்று நேரம் பேசுவதில்லை.

முதல் துண்டு போன பிறகுதான் போலந்துக்குக் கண் திறந்தது. கடைசி மன்னராகிய ஸ்தானிஸ்லாவ் ஆகஸ்டு போர்வீரர் அல்லர். உறுதியான நெஞ்சம் படைத்தவர் என்றும் சொல்ல முடியாது. ஆனால் கலையும் கல்வியும் அறிந்தவர். அவருடைய காலத்தில்தான் இந்த அரண்மனையின் உள்ளறைகள் மிகுந்த அழகு பெற்றன. அவருடைய காலத்தில்தான், 1791-ம் வருஷம் மே மாதம் 3-ந் தேதி, இங்கே கூடிய சபை ஒரு புதிய அரசியல் சட்டத்தை நிறைவேற்றிற்று. ஒற்றை மனிதன் சபையைக் கலைக்கும் உரிமை அதில் ஒழிக்கப்பட்டது. ஐரோப்பாவில் எழுதப்பட்ட நவீன அரசியல் சட்டங்களில் முதன்மையானதாக அதைச் சொல்லுவார்கள். பிரான்ஸ் தேசத்தின் சட்டம் அதே வருஷம் செப்டம்பரில்தான் வந்தது.

வியாதியஸ்தன் எழுந்து உட்கார்ந்ததைக் கண்டு அண்டை வீட்டாருக்குப் பொறுக்கவில்லை. 1793-ல் இரண்டாவது பிரிவினை, 1795-ல் மூன்றாவது. மன்னர் முடியைத் துறந்தார். ஐரோப்பாவின் படத்திலிருந்து போலந்து என்ற பெயரே அழிந்தது. அடுத்த 123 வருஷங்கள் அந்த ஜனங்கள் அந்நியர் ஆட்சியில் வாழ்ந்தார்கள். 1830-ல் கலகம் செய்தார்கள். 1831 ஜனவரியில் இதே அரண்மனையில் சபை கூட்டி, ருஷ்யச் சக்கரவர்த்தி இனித் தங்களுக்கு மன்னர் அல்ல என்று தீர்மானித்தார்கள். கலகம் அடக்கப்பட்டது. தீர்மானம் செய்த மண்டபமும் தண்டனை பெற்றது. அரண்மனையில் ருஷ்ய கவர்னர்கள் குடியேறினார்கள். 1918-ல் விடுதலை வந்த பிறகுதான் கட்டடத்தைச் சீர்ப்படுத்தினார்கள். 1926 முதல் குடியரசின் தலைவர் அங்கே வசித்து வந்தார்.

பதினொன்றேகால் மணி

அந்தச் சுதந்திர வாழ்வு 21 வருஷமே நீடித்தது. 1939-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி ஹிட்லரின் சைனியம் போலந்துக்குள் புகுந்தது. 17-ந் தேதி வார்ஸா அரண்மனையின்மேல் குண்டுகள் விழுந்தன. கூரைகளும் மணிக்கூண்டின் உச்சியும் தீப்பற்றி எரிந்தன. கோபுரத்துக் கடிகாரம் 11 மணி 15 நிமிஷத்தில் நின்றது. அரண்மனைப் பொருள்களைப் பாதுகாக்கும் அதிகாரியான கஸிமிர் ப்ரோக்ல் அன்று தம் கடமையில் இருந்தபடியே குண்டுக்குப் பலியானார்.

எரிந்த கட்டடத்துக்குக் கூரை போட்டால் இன்னும் பல நூற்றாண்டு நிற்கும். நாஜி அதிகாரிகளுக்கோ அது நிற்கக் கூடாது என்பதே நோக்கம். போலந்தில் ஆட்சி செலுத்திய ஹான்ஸ் பிராங்க் என்பவர் அரண்மனையைக் கழற்றி எடுக்கும்படி உத்தரவிட்டார். தரைப் பலகைகள், சலவைக் கற்கள், கதவுகள், கணப்பு மாடங்கள் எல்லாம் பெயர்க்கப்பட்டன. மேற்பார்வை செய்ய வந்தவர்களில் கலைச் சரித்திர நிபுணர்களும் இருந்தார்கள் என்பது வெட்கக்கேடு. எது விலையுயர்ந்தது என்று அவர்களுக்குத்தானே தெரியும்! பிறகு சுவர்களின் அடியில் வெடி வைப்பதற்காக ஆயிரக்கணக்கான துளைகள் போட்டார்கள். ஆனால் வெடி உடனே வைக்கப்படவில்லை. துளையிட்ட சுவர்கள் நாலு வருஷத்துக்குமேல், தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட கைதியைப் போல நின்றுகொண்டிருந்தன.

1944 ஆகஸ்டு 1-ந் தேதி வார்ஸா ஜனங்கள் ஆயுதம் ஏந்தி எழுந்தார்கள். 63 நாள் போராடினார்கள். போராட்டம் நடக்கும்போதே, செப்டம்பரில், அந்தத் துளைகளில் வெடி நிரப்பி அரண்மனையைத் தகர்த்தார்கள். அதனால் யுத்தத்தில் அவர்களுக்கு ஓர் அங்குல பூமியும் லாபமில்லை. ஒரு ஜாதியாரின் ஞாபகத்தைக் கொல்லுவதற்காகச் செய்த காரியம் அது. நகரத்தின் பழைய பகுதியில் 85 சதவிகிதத்துக்கு மேல் அழிந்தது. அரண்மனையில் மிஞ்சியவை நிலவறைகள், சில அடிச்சுவர்கள், ஒரு ஜன்னலுடன் கூடிய சுவர்த்துண்டு ஆகியவைதான். அந்த ஜன்னல், ஸ்தெபான் ஜெரோம்ஸ்கி என்ற பிரசித்தி பெற்ற நாவலாசிரியர் 1925-ல் காலமாகும் வரையில் வசித்த அறையின் ஜன்னல். பல வருஷங்கள் அது வெறும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

திருடிக் காத்தவர்கள்

இங்கேதான் கதையின் மிக உயர்ந்த பகுதி ஆரம்பமாகிறது. அதில் வாள் இல்லை, பீரங்கி இல்லை. சுத்தியும் சாக்கும் தள்ளுவண்டியும்தான் இருக்கின்றன.

வார்ஸா தேசியப் பொருட்காட்சிசாலையின் தலைவர் ஸ்தானிஸ்லாவ் லோரென்ட்ஸ். 1939-ல் தீ எரிந்துகொண்டிருக்கையிலேயே அவரும் அவருடைய உதவியாளர்களும் படங்களையும் ஆசனங்களையும் தூக்கி வெளியேற்றினார்கள். பகைவர் கட்டடத்தைக் கழற்றத் தொடங்கியபோதும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஜெர்மன் காவலின் கீழேயே, உடைந்த கல் சிற்பம், சுண்ணாம்புப் பூவேலையின் துண்டு, சித்திரம் தீட்டிய சுவரின் காரை, கதவு நிலையின் சட்டம் ஆகியவற்றைச் சேகரித்துக் கடத்திப் பொருட்காட்சிசாலையில் ஒளித்தார்கள். அகப்பட்டால் தண்டனை மரணம். தங்கம் திருடுகிறவனைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். உடைந்த காரைத் துண்டைத் திருடி உயிரைப் பணயம் வைத்தவர்களைப் பற்றி வேறெங்கும் நாம் கேட்டதில்லை.

காரைத் துண்டு எதற்கு? நிறம் தெரிவதற்கு. பூவேலையில் ஒரே ஓர் இலை கிடைத்தால் போதும், கொடி முழுவதையும் அதே அளவில் மறுபடி செதுக்கலாம். இதைத் தவிர யுத்தத்துக்கு முன்பே வார்ஸா பாலிடெக்னிக் கலாசாலையில் ஆசிரியர்களும் மாணவர்களும் நகரத்துப் பழைய கட்டடங்களை அளந்து படம் வரைந்து வைத்திருந்தார்கள். அந்தப் படங்களும் நகரத்துக்கு வெளியே கடத்தப்பட்டு, பியோத்ரகோ என்ற ஊரின் மடாலயத்தில் மறைத்துக் காக்கப்பட்டன. மாணவர்கள் பரீட்சைக்காக அளந்த அளவுகள் ஒரு தலைநகரத்துக்கே உயிர் கொடுக்கப் போகின்றன என்று அளந்தபோது யார் நினைத்திருப்பார்கள்?

யுத்தம் முடிந்ததும் பழைய கடைவீதியும் வீடுகளும் சில வருஷங்களிலேயே எழுந்தன. அரண்மனையோ எழவில்லை. 1949-ல் கட்டுவதென்று சபையில் தீர்மானம் செய்தார்கள். தீர்மானம் காகிதத்திலேயே இருந்தது. பொதுவுடைமைக் கட்சியின் அதிகாரிகளுக்கு ராஜாக்களின் வீட்டைக் கட்டுவதில் அவ்வளவு சிரத்தை இல்லை. கால் நூற்றாண்டுக் காலம் நகரத்தின் நடுவே வெறும் மேடு கிடந்தது. லோரென்ட்ஸ் மட்டும் ஒளித்து வைத்த துண்டுகளைக் காத்துக்கொண்டு, கேட்ட இடத்திலெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

1971 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. உடனே ஜனங்கள் உண்டியலில் போட ஆரம்பித்தார்கள். போலந்தில் உள்ளவர்களும், கடல் கடந்து பல தேசங்களில் குடியேறியவர்களும் பணம் அனுப்பினார்கள். பலர் வீட்டிலிருந்த பழைய படங்களையும் நாற்காலிகளையும் கொடுத்தார்கள். பலர் மண்வெட்டியுடன் வந்து இடிபாடுகளை அள்ளினார்கள். மூன்று வருஷத்தில் சுவர்கள் எழுந்து கூரையும் வேய்ந்தாயிற்று. 1974-ம் வருஷம் ஜூலை 19-ந் தேதி கோபுரத்துக் கடிகாரத்தை ஓடவிட்டார்கள். எந்த நேரத்தில் என்று நாம் சொல்லவேண்டியதில்லை, பதினொன்றேகால் மணிக்குத்தான். உள்வேலைகள் முடிந்து 1984-ல் அரண்மனை பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது.

சித்திரம் சாட்சி சொன்னது

உள்ளே நுழைந்தால் கண் கூசுகிறது. பொன் முலாம், பளிங்கு, பட்டு, கண்ணாடி! எல்லாவற்றையும் வர்ணித்தால் இந்த இதழ் முழுவதும் போதாது. மூன்று இடங்களைப் பற்றி மாத்திரம் சொல்லுவோம்.

முதலாவது கனலெட்டோ அறை. பெர்னார்டோ பெல்லோட்டோ என்ற வெனிஸ் நகரத்துச் சித்திரக்காரர் புகழ்பெற்ற கனலெட்டோவின் மருமகன். தாமும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டார். 1767-ல் ருஷ்யாவுக்குப் போகும் வழியில் வார்ஸாவில் தங்கினார். மன்னர் அவரை நிறுத்திக்கொண்டார். 1780-ல் இறக்கும் வரையில் அவர் ருஷ்யாவுக்குப் போகவே இல்லை. வார்ஸாவின் தெருக்களையும் மாளிகைகளையும், வண்டிக்காரனும் பிச்சைக்காரனும் நாயும் உட்பட, அவர் எழுதிய 22 படங்கள் இந்த அறையில் தொங்குகின்றன. இப்படங்கள் செய்த பிரயாணம் பெரிது. 1832-ல் ருஷ்யச் சக்கரவர்த்தி கொண்டு போனார். சுதந்திரத்துக்குப் பின் திரும்பின. இரண்டாவது யுத்தத்தில் ஜெர்மானியர் கொண்டு போனார்கள், மறுபடியும் திரும்பின. இடிந்த நகரத்தைக் கட்டும்போது சிற்பிகள் இந்தப் படங்களைச் சாட்சிக்கு அழைத்தார்கள். சித்திரக்காரர் சில இடங்களில் கட்டடங்களை உள்ளதைவிட அழகாகவே எழுதியிருந்தாராம். அளவுப் படமும் போட்டோவும் இருந்தபடியால் அவருடைய சாட்சியைச் சரிபார்க்க முடிந்தது.

இரண்டாவது பளிங்கு அறை. இங்கே போலந்து மன்னர்கள் 22 பேரின் உருவப் படங்கள் சுற்றிலும் அலங்கரிக்கின்றன. பச்சியரெல்லி என்ற சித்திரக்காரர் எழுதியவை. 19-ம் நூற்றாண்டிலேயே ருஷ்யர் ஆட்சியில் இந்த அறையைப் பிரித்துவிட்டார்கள். 1939-ல் தீ வைத்தபோது இது இல்லவே இல்லை. பழைய வர்ணப் படம் ஒன்றைப் பார்த்து இதைத் திரும்ப அமைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, ரெம்பிராண்டு எழுதிய இரண்டு படங்கள் இருக்கும் இடம். இவை ஒரு காலத்தில் ஸ்தானிஸ்லாவ் ஆகஸ்டு மன்னருக்குச் சொந்தமாயிருந்தவை. ராஜ்யம் போனபின் கை மாறி வியன்னாவில் இருந்த லாங்கொரோன்ஸ்கி பிரபு குடும்பத்தை அடைந்தன. அந்தக் குடும்பத்தின் கரோலினா அம்மையார் 1994-ல் இவற்றை மற்றப் பல படங்களுடன் அரண்மனைக்குத் தானமாகக் கொடுத்தார். விற்றிருந்தால் ஒரு நகரத்தையே வாங்கலாம்!

பொம்மையா, மெய்யா?

இப்பொழுது நம் பழைய கேள்விக்கு வருவோம்.

இதைப் பொய் என்று சொல்லுகிறவர்களிடம் நியாயம் இல்லாமல் இல்லை. 1939-ல் இல்லாத பளிங்கு அறை இன்று இருக்கிறதே. இழந்ததை மீட்டார்களா, இழந்ததைவிட நல்லதாக ஒன்றைக் கற்பித்துக்கொண்டார்களா என்று அவர்கள் கேட்கிறார்கள். அன்றியும் இதற்கு அனுமதி கொடுத்த அரசாங்கம் ஜனங்களின் நல்லெண்ணத்தைச் சம்பாதிக்க விரும்பியதும் உண்மை. சுதந்திர சபையின் மண்டபத்தை அவர்கள் கட்டிக்கொண்டிருந்த நாளில் போலந்தில் சுதந்திரமான சபை இல்லை. கூடுகளைக் கட்டிவிட்டுக் கிளிகளை மறந்தார்கள் என்று ஒருவர் பரிகாசம் செய்தால் நாம் கோபித்துக்கொள்ள முடியாது.

ஆனால் சுவர்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். புதிய சுவரின் நடுவே அங்கங்கே உடைந்த பழைய கல் ஒன்று, நிறம் மாறி, ஓரம் சிதைந்து பதிந்திருக்கிறது. ஒளித்துக் காத்த துண்டுகளை அவை இருந்த இடத்திலேயே வைத்துச் சுற்றிலும் புதிதைக் கட்டியிருக்கிறார்கள். ஜெரோம்ஸ்கியின் ஜன்னலும் அப்படியே தன் சுவரைத் திரும்ப அடைந்திருக்கிறது. எது பழையது, எது புதியது என்பதை அரண்மனை மறைக்கவில்லை. பொய் சொல்லுகிறவன் தழும்பை மூடுவான். இது தழும்பைத் திறந்து காட்டுகிறது. 1980-ல் உலகப் பாரம்பரிய இடங்களின் ஜாபிதாவில் வார்ஸாவின் பழைய நகரத்தைச் சேர்த்தபோது யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் அது பழையது என்பதற்காகச் சேர்க்கவில்லை. அழிந்ததை ஒரு ஜன சமூகம் ஏறக்குறைய முழுவதுமாக மீட்டெடுத்ததற்காகவே சேர்த்தார்கள்.

கூண்டுக்குக் கிளி வராமலும் போகவில்லை. 1939-ல் தேசத் தலைவர் வெளியேறிய பிறகு, போலந்தின் பழைய குடியரசு அந்நிய மண்ணில், லண்டன் நகரத்தில் ஒரு சிறு கூட்டத்தாரின் பராமரிப்பில் பெயரளவில் உயிர் வைத்திருந்தது. அரை நூற்றாண்டுக் காலம் அவர்கள் தலைவரின் கொடியையும் முத்திரைகளையும் காத்து வந்தார்கள். உலகத்தார் அவர்களை மறந்தே போனார்கள். 1989-ல் போலந்தில் அரசியல் மாறியது. மறுவருஷம் ஜனங்கள் தங்கள் தலைவராக லேக் வலேசாவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1990-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி, அஞ்ஞாத வாசத்திலிருந்த கடைசித் தலைவர் ரிஸார்டு கச்சொரோவ்ஸ்கி அந்தக் கொடியையும் முத்திரைகளையும் கொண்டுவந்து வலேசாவிடம் ஒப்படைத்தார். ஒப்படைத்த இடம் இந்த அரண்மனை. மேடு மேடாகவே கிடந்திருந்தால் அந்தக் கொடி எந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கும்? லோரென்ட்ஸும் அந்த நாளில் உயிருடன் இருந்தார், மறுவருஷம்தான் காலமானார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நாமும் பொய்யர்களாவோம். சுவர் எழுந்தது, மனிதர்கள் எழவில்லை. யுத்தத்துக்கு முன் வார்ஸாவில் சுமார் 3,50,000 யூதர்கள் வாழ்ந்தார்கள். நகரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். 1944-ம் வருஷத்துப் போராட்டத்திலும் லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். அவர்களுக்கு அளவுப் படம் இல்லை. எந்த உண்டியல் பணமும் அவர்களைத் திருப்பித் தராது. பொன் முலாமிட்ட மண்டபத்தில் நடக்கும்போது இந்த நினைவும் நம்முடன் நடக்கவேண்டும்.

நமக்கும் அவர்களுக்கும்

போலந்து எங்கே, நாம் எங்கே என்று நினைக்கவேண்டாம். வார்ஸா அரண்மனையின் சுவர்கள் வெடிக்குக் காத்து நின்ற அதே 1942-ல், வீடிழந்து வந்த போலந்துக் குழந்தைகளுக்கு ஜாம்நகருக்கு அருகில் பாலாச்சடியில் இடம் கொடுத்தார் நவநகர் ஜாம் சாகேப். வார்ஸாவில் இன்று ஒரு சதுக்கத்துக்கு 'நல்ல மகாராஜா' என்று அவர் ஞாபகமாகப் பெயர் இருக்கிறது. சென்னையிலும் அந்தக் காலத்தில் வாண்டா டைனோவ்ஸ்கா என்ற போலந்து அம்மையார், உமாதேவி என்ற பெயருடன், நம் நூல்களைத் தம் பாஷையிலும் தம் நாட்டு விஷயங்களை நமக்கும் கொடுக்கும் பிரசுராலயம் ஒன்றை நடத்தினார். அவருடைய நகரம் சாம்பலான சமயம் அது. வீடு போனவர்கள் எதைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதற்கு அதுவும் ஓர் உதாரணம்.

வார்ஸா அரண்மனையைக் கொத்தர்கள் 1971-ல் கட்டத் தொடங்கினார்கள் என்பது சரித்திரம். நம் அபிப்பிராயத்தில் அதற்கு அஸ்திவாரம் போட்டவர்கள், கட்டடம் திடமாக நின்ற நாளிலேயே அளவு நாடாவுடன் சென்று அதை அளந்த மாணவர்கள். இடிந்தபின் அழுகிறவர்கள் எல்லாத் தேசத்திலும் உண்டு. நிற்கும்போது அளந்து வைக்கிறவர்கள் சிலரே.

நம் ஊர்களில் எத்தனையோ மண்டபங்களும் சத்திரங்களும் பழைய மாளிகைகளும் நிற்கின்றன. பகைவன் வெடி வைக்க வேண்டியதில்லை. ஆலங்கன்று ஒன்று போதும், மழை ஒன்று போதும், 'திருப்பணி' என்ற பெயரால் அடிக்கும் வெள்ளை ஒன்று போதும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு விடுமுறையில் தங்கள் ஊர் மண்டபத்தின் தூண்களை எண்ணி, நீள அகலம் அளந்து, படம் வரைந்து, இரண்டு பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வைக்கட்டும். அந்தக் காகிதம் ஒருநாளும் தேவைப்படாமலே போகட்டும் என்பதுதான் நம் பிரார்த்தனை. தேவைப்படும் நாள் வந்தால், அன்று வேறு எதுவும் அதற்கு ஈடாகாது.